காவிரிப் பாலத்தில் தீப்பிடித்த கார்

கே.கே. நகர் ஒர்க் ஷாப்பில், என் கணவர் ஆசையாக வாங்கிய பழைய அமெரிக்கக் காரை ஸ்டார்ட் செய்தார். எஞ்சினுக்குள் 'டிக் டிக்' என்றது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவும் அப்படியொரு கார் வைத்திருந்தார். கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் வாசலில், வேகம் கூடட்டும் என்று, எஞ்சின் வால்வுகளை இயக்கும் தண்டை மாற்றி, ரேஸ் கார்களுக்கான கேம்ஷாஃப்ட் பொருத்தினார். அன்றிலிருந்தே அந்தச் சத்தம்.

"என்னங்க, தையல் மிஷின் மாதிரி கேக்குது?" என்றார் அம்மா.

"வால்வைத் தள்ளுற லிஃப்டர்தான். ஆயில் ஏறினா அடங்கிடும்."

ஸ்ரீரங்கத்தில் சித்தி கல்யாணத்துக்குக் கிளம்பினோம். காவிரிப் பாலத்தின் நடுவே எஞ்சின் வெடித்ததுபோல் அதிர்ந்து நின்றது. லிஃப்டர் கழன்று, சூடான குழாயில் ஆயில் கொட்டியிருக்கிறது. பானெட்டைத் திறந்த அப்பாவின் முகத்துக்கு நேரே தீ எழுந்தது. அம்மா அவரைக் காலரோடு பிடித்து இழுத்தார். புருவம் கருகிய அப்பா, "கல்பனா, கல்பனா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குமுன் அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"ஆஃப் பண்ணுங்க!" என்று ஒர்க் ஷாப்பில் கணவரைப் பார்த்துக் கத்தினேன்.

மெக்கானிக் வால்வு மூடியைக் கழற்றினார். "இதுலயும் யாரோ ரேஸ் கேம் போட்டிருக்காங்க. லிஃப்டருக்கு மேல நிக்கிற இந்த புஷ்ராடு கம்பி அதுக்கு நீளம் பத்தாதுங்க. லிஃப்டர் ஆடுது, பாருங்க." ஒரு கம்பி வளைந்தே போயிருந்தது.

கணவர் அதைக் கையில் வாங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்குப் பசங்களோட காவிரிப் பாலம் தாண்டி லால்குடிக்கு இதுலதானே போறதா இருந்தோம்," என்றார்.