அறிவித்தலின் இரண்டாவது பகுதி

அப்புத்தளை மலைவிளிம்பில், காப்புக்காட்டின் ஓரமாக ஒரு பார்வை மேடை இருந்தது. வானம் தெளிந்த காலையில் அங்கிருந்து தெற்குச் சமவெளி முழுவதும் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், புகைமூட்டத்தில் ஒன்றையும் பார்க்க முடியவில்லை என்று பயணிகள் முறைப்பாடு எழுதத் தொடங்கினார்கள். காட்டைச் சுற்றிப் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தது அதனால்தான்.

பதுளையில் அந்த வேலையைப் பார்த்த சிறிய அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள்.

சிங்களத்தில் வந்த அறிவித்தலில் இரண்டு பகுதிகள் இருந்தன. காட்டெல்லையில் புல், சருகு கொளுத்தக் கூடாது என்பது முதலாவது. தேயிலைத் தொழிற்சாலைகள் ஈர விறகு எரிக்கக் கூடாது, புகைபோக்கியில் கரும்புகை வந்தால் யாரும் முறையிடலாம் என்பது இரண்டாவது.

மேலதிகாரி இரண்டாவது பகுதியைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். "இது லயத்து ஆட்களுக்கு எதற்கு? முதல் பகுதியை மட்டும் தமிழில் போடு" என்று சிங்களத்தில் சொன்னார்.

என்னுடைய நிரந்தர நியமனத்துக்கு அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. "சரி சேர்" என்றேன். அந்தப் பாதித் தாளை, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்துச் சுவரில் நானே ஒட்டினேன்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை, ஒரே மகள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, காட்டெல்லையை ஒட்டிய துண்டு நிலத்தில் போஞ்சிக்கொடி நட்டுக் காய் விற்பார். மகளின் படிப்புச் செலவு அதில்தான் ஓடியது. தாளைப் படித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்.

"தம்பி, காஞ்ச மானாப்புல்ல கொளுத்தாம எப்படிப்பா பாத்தி போடுறது?"

"சட்டம் அக்கா. நாம என்ன செய்றது?"

மழைக்கு முன் அவர் ஒரு சின்னக் குவியலைக் கொளுத்தினார். காட்டுக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். வழக்குப் போடாமல் விட வேண்டுமானால் நிலத்தை விட்டுவிடுவதாக எழுதித்தர வேண்டும் என்றார்கள். அந்தச் சிங்களக் கடிதத்தை அவருக்கு வாசித்து விளக்க என்னைக் காவலர் கொட்டகைக்கு அழைத்தார்கள்.

கொட்டகைக்கு எதிர்ச்சரிவில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழுந்து காட்டுப் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

"அந்தப் பொகைக்கு ஒரு சட்டமும் இல்லீங்களா?"

பிறந்த நாளிலிருந்து என்னை அறிந்தவர், முதன்முறையாக என்னிடம் 'ங்க' போட்டுப் பேசினார்.

"அத வேற ஆளுங்க பாப்பாங்க அக்கா" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். போட வேண்டிய இடத்தை நான்தான் விரலால் காட்டினேன்.

இரண்டு வருடங்களில் நியமனம் நிரந்தரமானது. அந்த அதிகாரியும் மாறிப் போனார். அதன் பிறகுதான் இரண்டாவது பகுதியைத் தமிழில் எழுதி ஒட்டினேன். தொழிலாளர்கள் சேர்ந்து முறையிட்டார்கள். தொழிற்சாலையில் காய்ந்த விறகு போடத் தொடங்கினார்கள், புகை வெளுத்தது. இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்காவின் நிலத்தில் அதற்குள் வன இலாகா நட்ட பைன் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை மடியில் வைத்தார்.

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அக்கா."

அரிசியில் கல் பொறுக்கினார். "மக கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா. ஓ லெவல் பரீட்ச எழுதல. அந்தத் துண்டு நெலம் இருந்திருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு எழுந்து போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.