பாங்குக்கு நிற்காத விரல்கள்

நூனிக் அக்கா வோனோகிரி பஸ் ஸ்டாண்டில், எங்கள் ஊர் பஸ் கம்பெனியின் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியே பாதி வயதைக் கழித்தவள். கம்பெனி வெப்சைட் திறந்ததும் ஜன்னலை மூடிவிட்டார்கள். "கத்தாம உட்காரத் தெரியுமா?" என்று முதலாளி கேட்டார். "பழகிக்கிறேன்" என்றாள். பழகியும்விட்டாள். வெப்சைட்டுக்குள் எந்த இணைய முகவரியிலிருந்து யார் வருகிறார்கள், எந்த நொடியில் எதைத் தட்டுகிறார்கள் என்று சர்வர் வரிவரியாகப் பதிந்துகொண்டே போகும். லாக் என்பார்கள். மற்றவர்கள் பேப்பர் படிப்பதுபோல் அக்கா தினமும் காலையில் அதைப் படிப்பாள். அதே ஆபீஸில் நான் அவளுக்கு உதவியாள். அவள் புருஷன் கம்பெனி டிரைவர். பெருநாளைக்கு ஊரையெல்லாம் வீடு சேர்த்துவிட்டு அவர் மட்டும் ரோட்டில் இருப்பார். அதைப் பற்றி அக்காவிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் ஸ்டேப்ளர் பறந்து வரும்.

எங்கள் ஊர் ஆண்கள் பலரையும்போல் என் அப்பாவும் ஜகார்த்தாவில் தள்ளுவண்டியில் பக்ஸோ சூப் விற்கிறார். டிக்கெட் கிடைக்காமல் இரண்டு பெருநாளுக்கு ஊருக்கு வரவில்லை. இந்தத் தடவை வந்தே தீருவேன் என்றிருந்தார். டிக்கெட் எடுக்கும் வேலையை என்னிடம் விடவில்லை. பேரைத் தப்பாகப் போட்டு, எங்கள் வீட்டு ஆட்டின் பேரில் எடுத்துவிடுவேன் என்று பயம். நியாயமான பயம்தான்.

விற்பனை தொடங்கிய மதியமே எல்லா சீட்டும் பிடித்தாயிற்று என்று திரையில் சிவப்பாகிவிட்டது. பணமோ வரவில்லை. யாரோ சீட்டுகளைப் பிடித்து வைப்பதும், பணம் கட்டும் கெடு முடிந்து அவை விடுபட்டதும் மறுபடி பிடிப்பதுமாக இருந்தார்கள். வெளியே புரோக்கர்கள் அதே சீட்டுகளை மூன்று மடங்கு விலைக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அக்கா முந்தின நாள் லாக்கைத் திறந்தாள். பொழுது சாயும் மக்ரிப் தொழுகை நேரத்து வரிகள் வந்ததும் திரையைத் தட்டினாள்.

"இங்க பாருடா சர்வோ. பாங்கு சொன்னதும் பாதி வரி நின்னுடுச்சு. மனுஷன்னா நோன்பு துறக்கப் போவான். மீதிப் பாதி நிக்கவே இல்ல. புரோக்கருங்க ஓட்டுற மிஷினுக்கு ஏது பசி?"

நிற்காத முகவரிகள் அத்தனையையும் தடை செய்தாள். நானே கைதட்டினேன்.

மதியத்துக்குள் ஆபீஸ் போன்கள் அலற ஆரம்பித்தன. எல்லாம் ஜகார்த்தாவிலிருந்து. என் போனில் அப்பா.

"ஏண்டா! உள்ள நுழையவே விடல! உங்க அக்கா என்னை என்ன திருடன்னு நெனச்சாளா?"

அக்கா போனைப் பிடுங்கினாள். "அண்ணே, நேத்து நோன்பு துறக்கிற நேரத்துல தட்டிக்கிட்டா இருந்தீங்க?"

"பாங்கு சொல்ற வரைக்கும் தட்டினேன் தங்கச்சி. சொன்னதும் போனை வெச்சிட்டு ஐஸ் தண்ணி குடிச்சேன்."

"எப்ப சொன்னாங்க?"

"இங்க ஆறு மணி ஆயிடும். உங்க ஊர்ல அப்ப சாப்பிட்டு ஏப்பமே விட்டிருப்பீங்க."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஜகார்த்தா எங்களுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே பொழுது பிந்திச் சாயும். ஆபீஸ் ரேடியோவின் பாங்கை வைத்துக் கணக்குப் போட்டு, டிக்கெட் எடுக்க வேண்டிய பக்ஸோக்காரர்களையே வெளியே தள்ளியிருந்தாள்.

"முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்" என்று எழுந்து போனாள். திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. தடையை நீக்கிவிட்டு மறுபடி படித்தாள். இப்போது இரண்டு இடைவெளி தெரிந்தது, எங்கள் ஊருடையது ஒன்று, ஜகார்த்தாவுடையது ஒன்று. இரண்டுக்கும் நிற்காதவர்களும் இருந்தார்கள்.

"நோன்பே வைக்காதவங்களும் இருப்பாங்கல்ல அக்கா? நம்ம ஸ்கூல் மரியா டீச்சர் மாதிரி கிறிஸ்தவங்க?"

"அதான்டா, இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன்." ஒவ்வொரு முகவரியாகப் பார்த்தாள். மனுஷர் யார் வெப்சைட் பக்கத்தைத் திறந்தாலும் அவர் போன் அதிலுள்ள பஸ் படத்தையும் சேர்த்து வாங்கும், அதுவும் லாக்கில் ஒரு வரியாக விழும். மரியா டீச்சரின் போனும் வாங்கியிருக்கும். ஒரு கூட்டம் மட்டும் படத்தைத் தொடவே இல்லை. நொடிக்கு நொடி சீட், சீட், சீட். அவற்றை மட்டும் அடைத்தாள். ஒரு முகவரி பணம் கட்டாமல் நாலு சீட்டுக்கு மேல் பிடிக்க முடியாதபடியும் செய்துவைத்தாள்.

சாயங்காலம் சீட்டுகள் விடுபட ஆரம்பித்தன. விடுபட்ட வேகத்தில் ஊர்ப் பெண்கள் புருஷன்மாருக்காக வாங்கித் தள்ளினார்கள். அப்பாவின் விரல் எருமை நடை நடந்தது.

"அக்கா, எங்கப்பாவுக்கு ஒண்ணே ஒண்ணு பிடிச்சு வெச்சிடேன்."

"பிடிச்சு வெக்கிறவங்களைத்தானே காலையிலிருந்து துரத்திட்டிருக்கேன்?"

எங்கள் ஊர்ப் பாங்கு கேட்டது. திரையில் ஓடிய வரிகள் பாதியாகக் குறைந்தன. அக்கா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, "நம்ம பொம்பளைங்க எல்லாம் சாப்பிடப் போயாச்சு. உங்கப்பாவுக்கு இன்னும் பாங்கு சொல்லல, தெரியுமில்ல?" என்றாள்.

நான் போனை எடுத்தேன். "அப்பா, இப்பத் தட்டு! தண்ணியப் பத்தி நெனைக்காத, தட்டு!"

பணம் வந்து விழுந்த வரியை அக்காதான் காட்டினாள். கடைசி வரிசை, கழிவறைப் பக்கம்.

"மூக்கை மூடிக்கிட்டாவது வந்திடறேன்டா" என்றார் அப்பா. அவர் போனில் அப்போதுதான் பாங்கு கேட்டது.