எலியேசரின் போர்த்துக்கீசு

நாலாம் வகுப்பைத் தாண்டாத எலியேசர், கப்பலேறி ஆப்பிரிக்கக் கரையிலுள்ள பெய்ராவுக்குப் போய், ஒரு போர்த்துக்கீசியத் துரை வீட்டில் வருஷக்கணக்காகச் சமைத்து, திரும்பி வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் காரை வீடு கட்டியவர். சும்மா சொல்லக்கூடாது, எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. ராஜபாளையம் சந்தைக்குப் போனால், "போர்த்துக்கீசு நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்பார். இல்லையென்று சொல்ல அங்கே யாருக்கு அந்தப் பாஷை தெரியும்?

மகன் வேதமணியையும் அதே ஊருக்கு அனுப்பினார். முப்பத்தேழாம் வருஷம், அவன் இறந்துவிட்டதாக ஒரு தந்தி மட்டும் வந்தது. சில மாதம் கழித்து, அவன் அங்கே கட்டிக்கொண்ட இசபெல் தனியாக வந்து இறங்கினாள். தமிழில் ஒரு சொல் தெரியாது. பம்பாயில் யாரோ விலாசம் எழுதிக் கொடுத்து ரயிலேற்றி விட்டிருந்தார்கள்.

தெருவே வாசலில் கூடிவிட்டது. எலியேசரின் மனைவி அன்னத்தாய்க்கு வேண்டியது ஒன்றுதான்.

"எம் புள்ள எப்படிச் செத்தான்னு கேளுங்க. கடைசியில பக்கத்துல யாரு இருந்தாகன்னு கேளுங்க."

"கேக்கேன், சித்த பொறு. மொதல்ல அவள உக்காரச் சொல்லுதேன்."

வாயைத் திறந்தார். உட்கார் என்பதற்கு வார்த்தை வரவில்லை. அந்தத் துரை வீட்டில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. த்ராஸ், கொண்டு வா. லேவா, எடுத்துக்கொண்டு போ. லிம்பா, துடை. அவர் காதில் விழுந்ததெல்லாம் ஏவல். கேள்வி கேட்பது சமையல்காரன் வேலையில்லை. கேட்கிற வார்த்தைக்கு அவர் எங்கே போவார்?

"என்ன அண்ணாச்சி, பாஷையக் கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டியளா?" என்றான் அடுத்த வீட்டுச் சமுத்திரம்.

"சும்மா கெடலே."

மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "வேதமணி... த்ராஸ்" என்றார்.

இசபெல் பெட்டியைத் திறந்து, வேதமணியின் சட்டையை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, நிறுத்தாமல் பேசினாள். அத்தனையிலும் அவருக்குப் பிடிபட்டது ஆகுவா என்ற ஒரு வார்த்தை.

"என்ன சொல்லுதா?"

"தண்ணிங்கா."

"தண்ணி கேட்டானா? இல்ல, தண்ணியில விழுந்துட்டானா?"

எலியேசர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கவில்லை என்று கண்ட இசபெல், மறுபடியும் முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, அழுத்திச் சொன்னாள். பெய்ராவில் துரைசாணி ஏவும்போதும் அப்படித்தான் சொல்வாள். எலியேசரின் கை தானாகக் கட்டிக்கொண்டது; தலை குனிந்தது.

"சிம், மின்யா சென்யோரா."

அவருக்கு விளங்கிவிட்டதென்று இசபெல் நிம்மதியாக மூச்சு விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியை மூடினாள்.

"நீங்க என்ன சொன்னீக?" என்று கேட்டாள் அன்னத்தாய்.

"சரிங்கம்மான்னு சொன்னேன்."