ஒன்பது வீட்டுக் கணக்கு

1943 மே 15, சனிக்கிழமை, மாலை நாலு இருபது. வெயில் தணியவில்லை. வத்தல்மலைப் பக்கம் இரண்டு முறை இடித்தது, மழை இல்லை. தர்மபுரியில் ஒரு காபி கிளப்பின் பின்கட்டில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் விடுமுறைக்கு ஊர் திரும்பிய கல்லூரி மாணவர்கள். உயிரியலில் அப்போது பேசப்பட்ட விஷயங்களை விவாதிக்க வாரம் ஒருமுறை கூடுவோம். ஒரே விதிதான்: எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்ய வேண்டும். சொந்தக் கருத்தைப் பேசினால் கைகலப்பு வருகிறது என்பதை முந்தின வாரம் கண்டுபிடித்திருந்தோம்.

நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் பிள்ளைகளுக்குக் குறை வருமா என்பது அன்றைய பொருள். எனக்கு ‘வரும்’ என்ற சீட்டு வந்தது. அக்காள் மகளை எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நான் பட்டம் வாங்கட்டும் என்று நல்லம்பள்ளியில் அக்காள் வீட்டார் காத்திருந்தார்கள். எனக்கு அவளைப் பிடித்தும் இருந்தது. சீட்டுக்கு அது தெரியாது.

நன்றாகவே பேசினேன். எங்கள் ஊரில் அக்காள் மகளைக் கட்டியவர்கள் ஒன்பது பேர், அதில் மூன்று வீடுகளில் பிள்ளை தங்கவில்லை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். சொந்தத்துக்கு வெளியே பெண் எடுத்த வீடுகளை நான் எண்ணவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த பதினோரு பேரில் ஒருவனும் அதைக் கேட்கவில்லை. ஏழுக்கு நாலு என்று ஜெயித்தேன்.

“ஏண்டா, அப்ப உன் கல்யாணம்?” என்றான் தோற்றவன்.

“அது வேற. இது சயின்ஸ்.”

வெளியே வந்தபோது கிளப்காரர் சொன்னார்: “உங்க அக்கா வூட்டுக்காரரு வண்டியோட வந்திருந்தாருங்க. நீங்க விரல் விட்டு எண்ணுனீங்களே, அப்ப எழுந்து போயிட்டாருங்க.”

மறுநாள் நல்லம்பள்ளிக்கு ஓடினேன். எப்போதும் ‘வாடா மாப்ளே’ என்கிற மாமா, “வாங்க” என்றார்.

“சீட்டுல அப்படி வந்துச்சு மாமா. நானா சொல்லல.”

“எம் பொண்ணு வேணாம்னு சீட்டா பேசுச்சுங்க? வாய் உங்களதுதானுங்களே?”

கதவருகே நின்ற அவர் மகள் கேட்டாள். “அந்த ஒம்பதுல தாத்தாவும் ஆயாவும் உண்டுங்களா மாமா?”

அவள் சொன்னது என் அப்பா அம்மாவை. “உண்டு” என்றேன்.

“அப்ப உங்களுக்கு என்ன குறைங்க?”

“அதான் நேத்து டவுனுக்கே தெரிஞ்சு போச்சே” என்றாள் அக்காள், அடுப்படியிலிருந்து.

அடுத்த இரண்டு வாரம் ஊரில் அசலில் பெண் எடுத்த வீடுகளை எண்ணினேன். முப்பத்தொரு வீடு; பிள்ளை தங்காதவை பதினொன்று. அதாவது, வித்தியாசமே இல்லை. தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அன்று காலைதான் அரூர்ப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டாரோடு வெற்றிலை பாக்கு மாற்றி முடித்திருந்தார்கள். மாமா தாளை வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

“கணக்கு சரியாத்தான் இருக்குதுங்க. ஆவணியில கல்யாணம். தாய்மாமன் நீங்க ஒருத்தர்தான். சீரோட முன்னாடியே வந்துடுங்க.”

போனேன். யுத்த விலையில் பட்டுப்புடவை, வெள்ளி மெட்டி, ஏழு தட்டுப் பழம், அரூருக்கு வண்டி வாடகை: மொத்தம் ஐம்பத்தெட்டு ரூபாய் ஏழணா.