எறும்பு திட்டை ஏறினால்

கழிவறைச் சுவரின் அடியில் குனிந்து டார்ச் அடித்து எறும்பு தெரிகிறதா என்று பார்க்கிறார், இங்கே எல்லாரும் எறும்பக்கா என்று கூப்பிடும் ஆயாம்மா. காலை வேலைக்கு வந்ததும் முதல் காரியம் இதுதான். பிறகுதான் கை கழுவிக்கொண்டு, முதியோர் இல்லத்தின் தரைத்தளத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் எட்டுப் பேருக்கும் முகம் துடைத்துவிடுவார். அவர்களில் என் அத்தையும் ஒருவர்.

"எறும்பு முட்டையத் தூக்கிட்டுத் திட்டை ஏறினா மழை வரும்னு சொல்லுவாங்கல்ல, அதான்" என்பார்.

அதை முதலில் சொன்னவர் யாராக இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணியில யாரையோ பறிகொடுத்தவங்கதான். சும்மா இருக்கிறவன் எறும்ப எதுக்குப் பாக்கப் போறான்? மழைய மட்டும் நெனைக்காதீங்க. அது போற ஒழுங்கப் பாருங்க. ஒண்ணை ஒண்ணு முந்தாது. சாரை புடிச்சுப் போறதாலதான் ஒரு முட்டை கூடக் கீழ விழாது."

ஆறு வருடத்துக்கு முன் ஏரி உடைந்து தண்ணீர் புகுந்தபோது இங்கே அப்படி ஒரு சாரை இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓட, மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் சிக்கிக்கொண்டன. கடைசிக் கட்டிலில் இருந்த ஒரு டீச்சரம்மா கீழேயே தண்ணீரில் மாட்டிக்கொண்டார். "அக்கா, அக்கான்னு ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. மூணாவது தடவ கூப்பிடல" என்றார் எறும்பக்கா.

அதன் பிறகு ஒரு வரிசை எழுதி மருந்து அலமாரியில் ஒட்டினார். மூச்சு வாங்குபவர் முதலில், குழாய் போட்டவர் அடுத்து. மாதம் ஒருமுறை ஸ்ட்ரெச்சரில் தலையணைகளைக் கட்டி ஒத்திகை. "தலகாணிக்கு மேல்மாடி காட்டக் கிளம்பிட்டா" என்பார் சமையல்காரர்.

போன செவ்வாய் மதியம் அத்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். எறும்பக்கா வெளிறிய முகத்தோடு வந்து என்னைக் கூப்பிட்டார். சுவரில் கறுப்பு நூல் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாயிலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

மேலாளர் கத்தினார். "வெயில் மண்டையப் பொளக்குது. எறும்பு சொல்லுச்சுன்னு எட்டுப் பேரையும் மாடிக்குத் தூக்கணுமாக்கும்?"

"வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நாளைக்கு நிறுத்துங்க சார்."

ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை எறும்பக்கா பிடித்தார், மறுமுனையை நான். நாலாவது ஆளைத் தூக்கும்போது மழை பிடித்தது. ஆறாவது ஆளைத் தூக்கும்போது மழையில் தெருவே தெரியவில்லை. மேலாளர் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக அத்தையைத் தூக்கியபோது கழிவறைக் குழியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து என் கணுக்காலைத் தொட்டது. "முந்தாதீங்க, படியப் பாத்து வைங்க" என்றார் எறும்பக்கா. ஏரித் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, அரை மணியில் கீழே கட்டில்கள் மிதந்தன.

மாடியில் எட்டுப் பேரும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் வந்தாச்சுக்கா, விடுங்க" என்றேன். அவர் தலையசைத்தார். ஆனால் கை விடவில்லை. ஸ்ட்ரெச்சர் கம்பியிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தெடுத்தேன்.