பிரஸ்ஸுக்கு வைத்த பொட்டு

மிஷின் மக்கர் பண்ணினால் சோலைமுத்துவுக்குச் சோறு இறங்காது. சிவகாசியில் அச்சு மிஷின்களைக் கழற்றி மாட்டியவர், இப்போது ஷார்ஜாவில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் ரீலோடிங் பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறார். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் அடைக்கிற கைமிஷின் அது. "பொண்டாட்டிக்குப் போன் போடுறாரோ இல்லையோ, அதைத் துடைக்காம வரமாட்டாரு" என்று முவைலாவில் கூடத் தங்கியிருக்கும் ரூம்காரர்கள் கிண்டலடிப்பார்கள்.

ஆயுத பூஜையன்று அதற்கும் பெரிய சந்தனப் பொட்டு வைத்துக் குங்குமத்தை அப்பினார். சிவகாசிக்காரர் மிஷினை வெறும் நெற்றியோடு விடுவாரா?

இரண்டாம் நாள் வந்தது வினை. கூட்டின் அடியில் பதிய வேண்டிய பிரைமர், அதாவது அடிபட்டதும் தீப்பொறி கக்கும் சின்ன மூடி, முழுசாக இறங்காமல் துருத்திக்கொண்டு நின்றது. அப்படி ஒன்று எக்குத்தப்பாக வெடித்தால் சுடுகிறவன் கதி என்ன? சூப்பர்வைசர் அஸ்கர் அலி குதித்தார். முந்தின நாள் கிரீஸ் போட்டது இலங்கைப் புத்தளத்துக்காரர் முகம்மது ரிபாய், மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

"கிரீஸ் ஜாஸ்தி! ரிபாய் கலாஸ்! சாயங்காலம் டிக்கெட்!" என்றார் அஸ்கர் அலி. வேலை முடிந்தது, ஊருக்குப் போ என்று அர்த்தம்.

"கூடுதலாப் பூசல்ல அண்ணன், சத்தியமா" என்றார் ரிபாய் சோலைமுத்துவிடம்.

சோலைமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கழட்டிப் பார்க்காம ஆளை அனுப்புறதா? சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க பாய்."

பிரைமரையும் மருந்தையும் முதலில் வெளியேற்றினார். கிரீஸ் அளவாகத்தான் இருந்தது. நெம்புகோலில் ஆட்டமில்லை, கூடு நிற்கும் தட்டும் சரி. மத்தியானச் சாப்பாட்டை மறந்தார். "இன்னைக்கு நீயா நானா பார்த்துருவோம்" என்று மிஷினையே அதட்டினார். கடைசியில் பிரைமரைத் தள்ளும் குட்டி ஊசியை உருவினார். அதன் குழியில் செம்மஞ்சளாகத் தூள் அடைத்திருந்தது. துரு என்று நினைத்து மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம் மணத்தது.

நிமிர்ந்து பார்த்தார். காய்ந்த பொட்டில் பாதியைக் காணோம். நெம்புகோலை இழுக்க இழுக்க உதிர்ந்து உள்ளே இறங்கியிருக்கிறது.

ஊதிவிட்டால் போதும், ஒருத்தருக்கும் தெரியாது. ரிபாய் ஊருக்குப் போவார், இவர் பேர் தப்பும். அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்கு அருவருப்பாக இருந்தது. "சீ, இதெல்லாம் ஒரு பொழைப்பா!" தூளைக் காகிதத்தில் தட்டி அஸ்கர் அலியின் மேஜையில் வைத்தார்.

"ரிபாய் கல்தி நஹி, பாய். மேரா கல்தி. பூஜா." தப்பு ரிபாயுடையதல்ல, தன்னுடையது என்று தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டார்.

டிக்கெட் ரத்தானது. ஆனால் ஒர்க்‌ஷாப் சாவி சோலைமுத்துவின் கையைவிட்டு ரிபாயிடம் போனது. இவர் இனி வெயிலில் காலிக் கூடு பொறுக்க வேண்டும். வயிறு எரிந்தது. ஆனாலும் மறுநாள் காலை முதல் ஆளாக வாளியோடு நின்றார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு ஒர்க்‌ஷாப் வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே போகக் கூசி நின்றார். ரிபாய் கதவைத் திறந்தார்.

"மிஷினுக்கு வேணாம் அண்ணன்." எதிர்ச்சுவரைக் காட்டினார். "இங்க வைங்க. துடைச்சு வச்சிருக்கன்."