சுவருக்குப் போட்ட மருதோன்றி

மின்வெட்டுக் காலத்தில், சீலிங்கும் இல்லாத சுவர்ப்பூச்சும் இல்லாத ஒரு வீட்டுக்குக் கண்ணாடிச் சரவிளக்கு வாங்கிய மனிதன் நான். கண்ணாடி என்று கடைக்காரர்தான் சொன்னார். கல்முனைக்கு வந்து சேர்வதற்குள் அது பிளாஸ்டிக்காகிவிட்டது. நான் வேலை செய்யும் கந்தோரின் அலுவலாகக் கொழும்புக்குப் போன இடத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன். பக்கத்து சீற்றில் இருந்த பெரியவர் நான் பெட்டியை அணைத்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, “உள்ளுக்கு உசிருள்ள சாமான் ஏதுமா தம்பி?” என்று கேட்டார். அந்த விளக்கு இன்றும் என் கடைசித் தங்கச்சியின் முன்ஹோலில், கூரைத் தீராந்தி மரத்திலிருந்து தொங்குகிறது. அதன் கீழே நிற்கும்போதெல்லாம் என் கண் விளக்குக்குப் போவதில்லை. எதிரே நிற்கும் சுவருக்குத்தான் போகிறது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். மூத்தவர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டு வாப்பா மௌத்தாகிப் போனார். கடைசித் தங்கச்சியின் வீடு காக்காவான என் தலையில் விழுந்தது. கூரை வரைக்கும் எப்படியோ கொண்டுவந்துவிட்டேன். கலியாணப் பேச்சில், “நோன்புப் பெருநாளைக்கு முன்னம் பூசி முடிச்சுத் தருவன்” என்று மாப்பிள்ளையின் உம்மாவுக்கு முன்னால் சொன்னதும் நான்தான். யாரும் கேட்கவில்லை. சபை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். வரிப்பத்தான்சேனைப் பக்கம் இருக்கும் எங்கள் வயலை நம்பிக் கொடுத்த வாக்கு அது. அந்தப் பெரும்போகம் நாட்டிலேயே உரம், பசளை இல்லாமல் பயிர் மஞ்சளித்து நின்றது. களத்துக்கு வந்த நெல் வீட்டுச் சோற்றுக்குக் காணுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சீமெந்தோ பல கடைகளில் இல்லை. இருந்த கடையில் காலையில் ஒரு விலை, மாலை அசர் தொழுகைக்குப் பிறகு இன்னொரு விலை.

சீமெந்துக்கென்று மிஞ்சியிருந்த சிறிய தொகையைத்தான் நான் விளக்காக்கினேன். அதற்கு என்னிடம் ஒரு தத்துவம் இருந்தது. நல்ல விளக்கொன்று தொங்கினால் வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குச் சுவர் தெரியாது. இத்தனை வருடம் புத்தகம் படித்து, எழுதியும் வந்ததில் எனக்குச் சொந்தமாகத் தோன்றிய ஒரே சிந்தனை அது. தங்கச்சி பெட்டியைத் திறந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வடிவா இரிக்கி காக்கா. கரண்ட் இரிக்கிற நேரமாப் பாத்து மாமியாக்கள வரச்சொல்லுவம்” என்றாள். ஹோலில் ஒரே ஒரு பல்புக்குத்தான் வயர் இழுத்திருக்கிறோம், இந்த விளக்குக்கு இழுக்கவேயில்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கலியாணம் முடிந்து மாப்பிள்ளையும் குடிவந்துவிட்டார். அதற்குப் பிறகு வரும் முதல் பெருநாளில் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். ஹோலில் இருந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே நாலு பக்கமும் பார்ப்பார்கள். வாக்குத் தவறினால் எனக்கு ஒரு வெட்கம். சில நாளில் மறந்துவிடுவேன். அவளுக்கு அப்படியல்ல. அன்றைக்கு அந்த வீட்டைப் பற்றிச் சொல்லப்படும் வார்த்தை ஆயுள் முழுக்க அவள் பெயரோடு கிடக்கும். சேலைகளைத் தொங்கவிட்டு மறைப்போம் என்றார் எங்கள் உம்மா. பந்தல் துணி வாடகைக்கு எடுக்கலாம் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். “மறைச்சா, பின்னால என்ன இரிக்கி எண்டு தூக்கிப் பாக்கத்தான் செய்வாங்க” என்று தங்கச்சி இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டாள்.

எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் பெருநாளைக்கு மருதோன்றி போட்டுவிடுகிறவள் அவள்தான். பால்மா பக்கற் உறைகளைக் கூம்பாகச் சுருட்டி, அரைத்ததை நிரப்பி, நுனியைச் சின்னதாக வெட்டிவிட்டால் போதும். நீட்டிய கையில் கொடி படர்ந்துவிடும். நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு நாள் லுஹர்த் தொழுகைக்குப் பிறகு போய்ப் பார்க்கிறேன், வாசலால் நுழைந்ததும் முகத்துக்கு நேரே நிற்கும் பெரிய சுவரைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறாள். தூசியும் சாந்தும் போன செங்கல் நல்ல சிவப்பாக இருந்தது. வாளியில் சுண்ணாம்பு, கஞ்சித் தண்ணீர் விட்டுக் குழைத்தது. “பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியா?” என்று கேலியாகக் கேட்டேன். “ஓம். உங்களுக்கும் ஒரு கோப்பை எடுத்து வைச்சிரிக்கன், நோன்பு துறக்க” என்று வாளியைக் காட்டினாள். பிறகு ஒரு கூம்பை எடுத்தாள். பால்மாவே கிடைக்க அருமையாக இருந்த அந்த நாட்களில் அதன் உறைகளைக்கூட அவள் எறிந்திருக்கவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு கோட்டிலும், ஒரு மணப்பெண்ணின் கை போல அந்தச் சுவரைப் பாவித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மூலையில் மேசன் உடைந்த கற்களைக் கண்டபடி செருகியிருந்தார். கோடு போட வழியே இல்லை. அந்த இடத்தில் ஒரு கொடியை ஏற்றி, இரண்டு பூவும் வைத்துவிட்டாள்.

ஐந்து நாள் வேலை. அவள் மாப்பிள்ளை, என் மச்சான், ஏணி பிடித்தார். நான் கருத்துச் சொன்னேன். மிஞ்சிய சுண்ணாம்பை மற்ற மூன்று சுவர்களுக்கும் வெறும் வெள்ளையாக அடித்தோம். அதில் ஒன்று என் கைவேலை; எது என்று யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை. நாளாக நாளாகச் சுண்ணாம்பு அவள் விரல் நுனிகளைத் தின்றது. கூம்பைக் கை மாற்றிப் பிடித்தாளே தவிர நிறுத்தவில்லை. நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். பேனை அழுத்திய ஒரு காய்ப்பைத் தவிர அதில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

பெருநாள் காலை கரண்ட் இல்லை. தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தங்கச்சியின் மாமி, மாப்பிள்ளையின் உம்மா, நெல் வியாபாரக் குடும்பத்துப் பெண். ஒரு பிடி நெல்லைக் கையில் எடுத்தாலே ஈரம் சொல்லிவிடுவார் என்பார்கள். ஸலாம் சொல்லி அமர்ந்தவர் விளக்கை அண்ணாந்து பார்க்கவேயில்லை. என் தத்துவம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. அவர் பார்த்தது சுவரை. பேசாமல் பார்த்தார். எனக்கு வழக்கம்போலப் பொறுக்கவில்லை. “இது இப்ப கொழும்புப் பக்கம் ஹோட்டல்கள்ல செய்யிற டிசைன் மாமி. பூசிறதவிட இதுக்குத்தான் செலவு கூட” என்றேன்.

மாமியோ, வட்டிலப்பத் தட்டை நீட்டிய தங்கச்சியின் கையைப் பார்த்தார். “என்ன மகள், புதுப்பொண்ணு, பெருநாளும் அதுவுமா கையில மருதோன்றி இல்ல?” என்றார். குரலில் குற்றம் இருந்தது. தங்கச்சி என்னை ஒருதரம் பார்த்தாள்.

“சுவருக்குப் போட்டுட்டன் மாமி” என்றாள். “பூச ஏலாமப் போச்சு. வயல் தரல்ல; காக்காவில பிழையில்ல. கிடந்த சுண்ணாம்ப வைச்சு நான்தான் கோடு போட்டன்.”

மாமி எழும்பிச் சுவருக்குப் பக்கத்தில் போனார். ஒரு கோட்டின் மேல் பெருவிரலை வைத்துக் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், உடைந்த கல்லின் மேல் ஏறிய கொடியடியில் நின்றார். திரும்பி வந்து தங்கச்சியின் விரல்களைப் பிடித்து விரித்துப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாருக்கும் கேட்கத் தக்கதாக, “காசு வந்தாலும் இதப் பூசவாணாம். என்ட மருமகள்ற கை இது. வாற போறவங்களும் பாக்கட்டும்” என்றார். நான் வட்டிலப்பத் தட்டின் மேல் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். காரைதீவிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வந்து, தங்கள் வீட்டிலும் சித்திரை வருசப் பிறப்புக்கு இப்படிச் செய்ய வேண்டுமென்று கூம்பு சுற்றப் பழகிக்கொண்டு போனார். நான் எழுதிய எதையும் எவரும் அவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை. எனக்கு அதில் பொறாமையும் இல்லை. போகிற இடமெல்லாம் “என்ட தங்கச்சி” என்று தொடங்கிவிடுவேன். பிந்தினாலும் என் வாக்கை நிறைவேற்றினேன். மூன்று சுவர்கள் இப்போது பூசி, பெயின்ற் அடித்து, மற்ற வீட்டுச் சுவர்களைப் போலவே இருக்கின்றன. நாலாவது மட்டும் அப்படியே. ஒவ்வொரு பெருநாளைக்கும் அவள் அதன் மங்கிய கோடுகளுக்கு மறுபடியும் வெள்ளை ஏற்றுகிறாள், இப்போது கையுறை போட்டுக்கொண்டு.

போன பெருநாளைக்கு நான் ஆள் பிடித்துச் சரவிளக்குக்கு வயர் இழுத்தேன். எல்லாரும் ஹோலில் கூடியிருந்த நேரம் பார்த்து சுவிச்சைப் போட்டேன். எல்லாப் பல்பும் எரிந்தன. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாமியும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பிறகு பார்வையை இறக்கிச் சுவரைப் பார்த்தார். வெளிச்சம் கூடிப்போய்க் கோடுகள் வெளிறித் தெரிந்தன.

“தம்பி,” என்றார், “இத்தின நாளும் அது எரியாமத் தொங்கக்குள்ள நல்லாத்தானே இருந்திச்சு.”